மதியம் இரண்டு முதல் நான்கு வரை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான் நலம், அப்பா நேற்று எப்படி இருந்தாரோ இன்றும் அப்படியே, அதை நலம் என்று எழுதலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுத் தாளைத் திருப்பிப் பார்க்காதே.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், சாவியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மேற்குச் சுவர் ஓரம், உன் வரைபடத்தில் சக்கர நாற்காலிக்கென்று கட்டம் போட்டு ஒதுக்கியிருந்தாயே அந்த அகல மேசை, அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். தடித்த புத்தகம் ஒன்றை விரித்து இடது கையை அதன்மேல் வைத்து, வலது கையை மடியில் சும்மா போட்டுக்கொண்டு, அவர் இருப்பது போலவே அசையாமல் இருந்து பார்த்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் விளக்கு அணைந்தது. உன் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நிஜமாகவே இல்லை. கூரைக்கு வெள்ளை பூசியபிறகு உள்ளே அனல் குறைந்திருக்கிறது, மழைத்தண்ணீர் தொட்டி இரண்டு மழையிலேயே நிரம்பிவிட்டது, உளுத்துப்போகாத பழைய அலமாரிப் பலகைகளை இழைத்து ஜன்னலோரம் இருக்கை செய்ததில் பார்க்கிறவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இந்தப் பழைய கட்டிடத்துக்குப் பசுமைச் சான்றிதழா என்று கேட்டுச் சிரித்த வாய்கள் இப்போது மூடியிருக்கின்றன. உன் சித்தி கேட்கவே வேண்டாம், அக்கா மகன் ஊருக்குப் பேர் வாங்கித் தரப்போகிறான் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறாள். வாசலில் சான்றிதழ்ப் பலகை மாட்டக் கொக்கிகூட அடித்தாகிவிட்டது, அதில் உன் பெயரும் வரும், அது வந்தால் அந்தக் குளிர் தேசத்தில் உன் வேலை நிரந்தரமாகும், எல்லாம் எனக்கு மனப்பாடம். மேற்கு வெயில் ஏறக்கூடாது என்று அந்தப் பக்கத்து ஜன்னல்களை நீ குறுக்கியதும் சரிதான். அதனால்தான் அந்த மூலைக்கு மதியத்தில் விளக்கு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனி விளக்கு, ஆள் அசைந்தால் எரியும், பத்து நிமிடம் அசைவில்லை என்றால் அணையும். கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. படிக்க உட்கார்ந்தவன் அசையமாட்டான் என்பது உனக்கும் தோன்றவில்லை, இருபது வருடமாக நூலகக் கவுண்டரில் இருந்து படிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கும் தோன்றவில்லை. காலையிலும் மாலையிலும் வருகிற மற்றவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள், தலையைச் சொறிவார்கள், கால் மாற்றிப் போடுவார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் முடிந்தது இடது கை மட்டும். அந்தக் கைதான் புத்தகத்தையும் பிடித்திருக்கிறது. அதைத் தூக்கினால் விளக்கு வரும், புத்தகம் மூடிக்கொள்ளும். மறுபடி ஒற்றைக் கையால் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து நாலு பத்தி படிப்பதற்குள் மறுபடி இருட்டு.

முதல் நாள் விளக்கு அணைந்தபோது அவர் என்ன செய்தார் என்று உன்னிடம் சொல்லவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "ஃபியூஸ் போச்சு" என்றார், வாய் கோணிக்கொண்டு அது வெளியே வருவதற்கே நேரமாயிற்று. இருபத்தெட்டு வருடம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவருக்கு வேறு என்ன தோன்றும், அந்த நூலகத்துக்கு முதன்முதலில் கம்பி இழுத்துக் கொடுத்ததே அவர்தானே. ஃபியூஸ் இல்லை, இங்கே ஆள் இல்லை என்று விளக்கு நினைத்துக்கொள்கிறது என்றேன். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். "உங்க பையன்தான்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, கருவி என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அன்று காலை மூன்று முறை படுக்கை விரிப்பு துவைத்திருந்தேன், யாரையாவது குத்த வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் இருந்தவர் அவர்தான். சாயங்காலம் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, "வயரிங் சுத்தமா இருக்கு, ஒரு எடத்துல பிசிறு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே உனக்குப் போன் செய்தேன், பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கு என்றேன். ஒரு வருடத்து மின்சார அளவு முடியும்வரை எதையும் தொடக்கூடாது, மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாய். சரி என்றேன். பிறகு நீ சொன்னதையும் எழுதுகிறேன், மறந்திருப்பாய். "அப்பாவை அப்பப்ப கையைத் தூக்கச் சொல்லும்மா, அவருக்கும் அது எக்ஸர்சைஸ்தானே." நீ கெட்ட மனசோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதினோரு மாதமாகியும் அது ஆறவில்லை. கவுண்டர் பக்கம் அவரைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், வழி அடைக்கிறது, வழியின் அகலத்துக்கும் சான்றிதழில் மதிப்பெண் உண்டு என்று நூலகக் குழுத்தலைவர் வந்து நாற்காலியைத் திருப்பிவிட்டுப் போனார். அதே சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்துக்கும் ஒரு மதிப்பெண் வாங்கியாகிவிட்டது.

எதிர்த் தையல்கடைக்காரிக்கு அந்த மூலை ஜன்னல் வழியாகத் தெரியும். விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உங்க வீட்டுக்காரர் எனக்கு சிக்னல் குடுக்கறாரா" என்று கேட்பாள். அப்பாவுக்குச் சிலை என்று பெயர் வைத்ததும் அவள்தான், இப்போது தெருவே அப்படித்தான் சொல்கிறது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் நான் செய்ததற்கு முன்னால் அவள் கேலி ஒன்றுமேயில்லை. அன்று நாலு முறை கை தூக்கினார், நாலு முறையும் புத்தகம் மூடிக்கொண்டது. ஐந்தாவது முறை அவர் தூக்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். கவுண்டரிலிருந்து அங்கே போகப் பத்து அடி இருக்குமா. நான் எழுந்திருக்கவில்லை. வேலை எதுவும் இல்லை, மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் நான் தூக்கவோ துடைக்கவோ வேண்டியதில்லை. ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் உன் கருவியும் நானும் ஒரே கட்சி, இரண்டு பேருக்கும் அங்கே ஆள் இல்லை. நாலு மணிக்கு நான் பக்கத்தில் போனதும் விளக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதப்போவதில்லை, அது என் பங்கு.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய அறிக்கையைக் குழுவில் தலைவர் சத்தமாகப் படித்தார். வாசிப்பு அறையில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை பயனாளர் எண்ணிக்கை பூஜ்யம், அந்த நேரத்தில் மூடிவைத்தால் மின்சாரம் இன்னும் மிச்சமாகி உயர்ந்த தரமே கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பூஜ்யம் உன் அப்பா. கவுண்டரில் இருக்கும் நான் ஊழியர் என்பதால் கணக்கில் சேர்த்தியில்லை. அவர் கை தூக்கினது என்னவாயிற்று என்று பிறகு, அந்த விளக்குகளைப் பொருத்திய எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். ஒரு நிமிடத்துக்குக் குறைந்த அசைவை எல்லாம் திரைச்சீலை ஆடியது என்று தள்ளிவிடும்படி அமைத்திருக்கிறது, அதையும் நீதான் அமைத்தாய் என்றார். கூட்டத்தில் அந்த எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் தயங்கித் தயங்கி, சார் வருவாரே என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே, "அவரா, அவர் கணக்குலயே வரமாட்டாருப்பா, மெஷினே சொல்லுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மேசை இழுப்பறையில் வாசகர் பதிவேடு இருக்கிறது, அதில் ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு மணிக்கு நேராக அப்பாவின் இடதுகைக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது விஷயம். உன் வேலையை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மதியத்தில் இரண்டு மணி நேரம் கண் மூடலாம் என்று நினைத்ததுதான் மீதி.

அப்படித்தான் ஒரு மாதமாக மதியத்தில் பூட்டியிருக்கிறது. நான் கண் மூடவில்லை. அவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். புத்தகம் கொண்டுவந்து கொடுத்தால் வாங்குவதில்லை. நேற்று இரண்டு மணிக்கு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடது கையைத் தூக்கித் தூக்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அணைய அங்கே விளக்கே இல்லை, தம்பி.

வருகிற வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சான்றிதழுக்கான ஆய்வாளர் வருகிறார். அன்று மட்டும் மதியம் திறக்கிறோம். நடு அறையில் உட்காரத் தையல்கடைக்காரி பத்துப் பெண்களைக் கூட்டி வருகிறாள், கையை நன்றாக ஆட்டி ஆட்டிப் பக்கம் திருப்பச் சொல்லி தலைவர் ஒத்திகை பார்த்துவிட்டார். "வீட்டுக்காரரை மட்டும் அன்னைக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்கம்மா" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தலையாட்டினேன்.

கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவருடைய இடத்தில் உட்காரவைத்து, புத்தகத்தை விரித்துக் கொடுத்துவிட்டு வருவேன். ஆய்வாளரைக் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து காட்டுவேன், பத்து நிமிடம் பேச எனக்கு விஷயமா இல்லை. அந்த மூலையில் விளக்கு அணையும். அப்பா கை தூக்குவாரோ மாட்டாரோ தெரியாது. நான் எழுந்திருக்கமாட்டேன். ஒரு முறை எழுந்திருக்காமல் இருந்து பழக்கம் உண்டு, இந்த முறை ஆய்வாளர் பார்க்கட்டும் என்று இருப்பேன். அதன்பிறகு பலகை வாசலுக்கு வராது, உன் வேலை என்னாகும் என்றும் எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் இருட்டில் காட்டப்படுவதற்கு அப்பாவின் சம்மதத்தையும் நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். நாளைக் காலை இதைத் தபாலில் சேர்த்தால் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். நீ இதைப் படிக்கும்போது அந்த வியாழக்கிழமை முடிந்துபோயிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், மணிக்கு ஒரு தரமாவது எழுந்து நட. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஆய்வாளரின் அறிக்கை உன் மேசைக்கு வரும்போது மதியம் இரண்டு முதல் நான்கு வரை என்ற வரியைப் பார். அதில் ஒன்று என்று இருக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா