நாற்பத்தொன்றாம் ஆணி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அதிலும் அப்பா இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே நலம், அது ஏன் என்று போகப் போகத் தெரியும். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி கிளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுநடுவே சிரித்து என் கதையைக் கெடுத்துவிடுவாய், அதோடு இந்த உறைக்குள் ஒரு சாமான் வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. இப்போதே உறையைக் கவிழ்த்து உதறாதே, கடைசிவரை படித்துவிட்டு எடு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீ படித்த படிப்பை வைத்துச் சரி பண்ணிக்கொள்.

நாம் ஜெயித்துவிட்டோமடி! குளம் நம் கையை விட்டுப் போகவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். பூங்கா, பந்து ஆடும் கூடம், நீச்சல் குளம் மூன்றையும் சேர்த்து ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று நகராட்சியில் பேச்சு நடந்தது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. குளத்துக் காவலுக்கு மூன்று லைஃப் கார்டு எதற்கு, ஒருவர் போதும், வாசலில் ஆள் எண்ணுகிற மெஷின் வைத்தால் என் ஆணிப் பலகையும் வேண்டாம், பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் நானும் வேண்டாம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மன்றத்தில் கை தூக்கினால் முடிந்தது. என் வேலை போவது பெரிதில்லை, பூங்காவில் பெருக்கப் போட்டிருப்பார்கள், அங்கேயும் நாலு பேரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு பிழைத்துக்கொள்வேன். ஆனால் ஒரே ஒரு லைஃப் கார்டு, அவரும் ஒரு நிமிடம் முகம் கழுவப் போனால், தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளையை யார் பார்ப்பார்கள்? என் பலகை பெரிய வித்தையா என்ன, உள்ளே போகிறவர் கையில் எண் போட்ட தகர வில்லை ஒன்றைக் கட்டிவிடுவேன், வெளியே வரும்போது வாங்கி அதே எண் ஆணியில் மாட்டுவேன், ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே. இதற்குக் கரண்டும் வேண்டாம், கண்ணாடிகூட வேண்டாம்.

திங்கட்கிழமை அந்த மெஷினுக்கு வெள்ளோட்டம். கமிஷனர் அம்மா, இரண்டு கவுன்சிலர், மெஷின் கம்பெனிக்காரர், நம் மேனேஜர் எல்லாரும் வந்து நின்றார்கள். காலை ஆறு மணி வகுப்பை ரத்து பண்ணிவிட்டு, பத்து மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள். மெஷினும் எண்ணும், நானும் எண்ணுவேன் என்று ஏற்பாடு. நடுவில் ஆபீசர்களுக்குக் குளத்துத் தண்ணீருக்கு மருந்து கலக்கும் அறையைக் காட்ட நான் போன பத்து நிமிடம் டிக்கெட் கொடுக்கிற பெண் பலகையைப் பார்த்துக்கொண்டாள், இதை மனசில் வைத்துக்கொள். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். மெஷின் பச்சை எழுத்தில் சைபர் காட்டுகிறது. கம்பெனிக்காரர் கை தட்டுகிறார். என் பலகையில் நாற்பத்தொன்றாம் ஆணி காலி.

மேனேஜர் ஓடி வந்து, "அக்கா, மெஷினே சொல்லிடுச்சு, பூட்டுங்க, ஆபீசருங்க பசியோட நிக்கிறாங்க" என்றார். "மெஷினுக்குப் பசியில்ல தம்பி, எவ்வளவு நேரம் வேணா நிக்கும், நீங்களும் அது கூடவே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு விசிலைப் பார்த்துக் கத்தினேன். விசில் யார் என்று மறந்திருக்க மாட்டாய், நம் பெரிய லைஃப் கார்டுதான், தூக்கத்திலும் கழுத்தில் விசிலோடு கிடக்கிற மனிதர். ஒரு கேள்வி கேட்கவில்லை, அப்படியே குதித்தார். மற்ற இருவரும் இரண்டு மூலையிலிருந்து இறங்கினார்கள். சிரித்துக்கொண்டே திரிகிறவள்தான் உன் அம்மா, ஆனால் அவர் தண்ணீருக்கு அடியில் போய்த் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் ஒருவரும் இல்லை. "அறையப் பாருங்க" என்று கத்தினேன். கடைசி உடைமாற்றும் அறைக்குள்ளிருந்து டொக் டொக் என்று, பூனை தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டிருந்தது. விசில் தோளால் ஒரு இடி இடித்தார். உள்ளே, நனைந்த அரைக்கால் சட்டையும் தலையில் நீல ரப்பர் தொப்பியுமாக, கையில் நாற்பத்தொன்றாம் வில்லையோடு நிற்கிறார் உன் அப்பா!

சிரித்து முடித்துவிட்டாயா, மேலே படி. தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போன மனிதர், நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு மணி வகுப்பில் நீச்சல் பழகிக்கொண்டிருந்திருக்கிறார், இருபது நாளாக. நடந்துவிட்டு வருகிறவர் துண்டில் எப்படிக் குளோரின் வாசனை வருகிறது என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, எந்தத் தெருவில் இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு முழி முழிப்பார். அன்றைக்குக் காலை வகுப்பு இல்லையென்றதும் பத்து மணிக் கூட்டத்தோடு, நான் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் நுழைந்துவிட்டார். திரும்பும்போது நான் பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அறைக்குள் ஓடித் தாழ் போட்டிருக்கிறார், அது சிக்கிக்கொண்டது. "ஏன்யா சத்தமா தட்டல" என்று கேட்டால், "சத்தமா தட்டினா நீ வந்துடுவியே" என்கிறார். காப்பாற்ற வருகிறவளுக்கே பயந்து மெதுவாகத் தட்டின ஒரே மனிதர் உலகத்தில் உன் அப்பாவாகத்தான் இருக்கும்.

கமிஷனர் அம்மா சிரிக்கவில்லை. மெஷின்காரரிடம், "உங்க மெஷின் எப்படி சைபர் காட்டிச்சு" என்று கேட்டார். அவர் கேமராவை ஓட்டிப் பார்த்தார். ஒரு அம்மா காற்றடைத்த பெரிய ரப்பர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறார், மெஷின் அந்த வளையத்தையும் ஒரு ஆளாக எண்ணிவிட்டது. "இவர் அறையில இல்லாம தண்ணிக்கடியில இருந்திருந்தா?" என்றார் கமிஷனர் அம்மா. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை என்னையும் மன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, நானும் விசிலும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனோம், பார்க்கக் கதவு மாதிரி இருப்பதால் கண்டக்டர் கதவுக்கும் ஒரு டிக்கெட் போடவா என்று கேட்டார். கூட்டம் தொடங்கும்போது எத்தனை உறுப்பினர் வந்திருக்கிறார்கள் என்று தலைவர் கேட்க, எழுத்தர் ஒரு தடவை இருபத்தொன்று என்றார், மறுபடி எண்ணி இருபத்திரண்டு என்றார். எனக்கு நாக்கு நிற்குமா, "இருபத்து மூணு சார், தூணுக்குப் பின்னால ஒருத்தர் தூங்குறாரு, அவரையும் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சபையே சிரித்தது, தூங்கியவரும் எழுந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். இங்கேதான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னைக் கேட்காமல் உன் கதையைச் சொல்லிவிட்டேன், பெயர் சொல்லவில்லை. அப்போது நான் அங்கே தரை துடைக்கிறவள், இந்தப் பலகை கிடையாது, ஒரே லைஃப் கார்டு, அவரும் சாப்பிடப் போய்விட்டார், எல்லாரும் போயாச்சு என்று விளக்கை அணைத்தார்கள், நான் துடைப்பத்தோடு போனபோது தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது, ஏழு வயசு, என் பிள்ளை, என்று சொன்னேன். நீச்சல் தெரியாமல் குதித்ததையும், நீ இருமின இருமலையும் சொன்னேன். மறுநாள் பழைய கதவு ஒன்றில் நான் ஆணி அடிக்க, அப்பா டின்னை வெட்டி எண் எழுதிக் கொடுத்தார், அதுதான் இது என்று காட்டினேன். பலகையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இருபத்து மூன்று கையில் பத்தொன்பது நம் பக்கம்! பூங்காவும் பந்துக் கூடமும் கான்ட்ராக்டருக்கு, குளம் நகராட்சியிடமே. தண்ணீரில் ஆள் இருக்கும்வரை மூன்று லைஃப் கார்டும் இருக்க வேண்டும், ஒருவர் சாப்பிடப் போனால் மாற்று ஆள் வந்த பிறகுதான் நகர வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு இலவசம். மெஷின் இருக்கட்டும், பலகையும் இருக்கட்டும் என்றார்கள். ஊரில் உள்ள மற்ற இரண்டு குளத்துக்கும் இதே மாதிரி பலகை வருகிறது, அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவது யார் தெரியுமா, உன் அம்மா! காகிதத்தில் பயிற்சியாளர் என்று போட்டிருக்கிறார்கள், அப்பாவை ஒரு நாளைக்கு நாலு தடவை அதைப் படிக்க வைக்கிறேன்.

இனி உன் பங்கு. நீ குடியிருக்கிற கட்டடத்தின் மொட்டை மாடிக் குளத்தைப் போட்டோ அனுப்பினாயே, பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. தனியாக அதில் இறங்காதே. இறங்க மாட்டாய் என்று தெரியும், ஏழு வயசிலிருந்து வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டவள் நீ. ஆனால் வகுப்பு இருக்கிற இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பழகு. இந்த வயசில் எதற்கு இந்த வேலை என்று அப்பாவைக் கேட்டேன், தொப்பியைப் பிழிந்துகொண்டே, "அவ வரும்போது நானும் கூட இறங்குவேன், அப்பதான் அவளுக்குப் பயம் போகும்" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் பண்ணவில்லை, ஒரு நாள் முழுக்க.

இப்போது உறையைக் கவிழ்த்துப் பார். நம் குளத்துக்கும் புதுப் பலகை வருவதால் பழைய வில்லைகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள், பதினாலாம் எண்ணை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பலகை அடித்தவுடன் முதல் வில்லையை உன்னையே எடுக்கச் சொன்னேன், இதை எடுத்தாய், ஆனால் தண்ணீர்ப் பக்கம் போகாமல் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாய். நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்திருக்கிறேன், அது காலியாக இருக்கிறது. காலி ஆணி இருந்தால் நான் கதவைப் பூட்ட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். கையில் கட்டிக்கொண்டு பழகு, விடுமுறைக்கு வந்து நீயே மாட்டு.

நீ நூறு வயசுக்கு நன்றாக இரு, தலையை நன்றாகத் துவட்டு. வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே போன் பண்ணு, மறந்தால் உன் அப்பாவைத் தொப்பியோடு விமானத்தில் ஏற்றிவிடுவேன்.

ஆணி எண்ணுகிற உன் அம்மா

(அப்பா ஒரு வரி எழுதச் சொன்னார்: இப்போது பன்னிரண்டு எண்ணும்வரை மிதக்கிறாராம். நான் எண்ணினேன், ஒன்பதுதான்.)