பட்ட போட்ட கெளுத்தி

அண்ணே,

வெளக்கேத்தலாம்னு தீப்பெட்டிய எடுத்தா கையில மீன் தீனி வாசன. சோப்பு போட்டுக் கழுவியும் போவல. சாமி இருக்க வீட்டுல கவிச்சி அடிக்குன்னு உன்ன எத்தன தடவ ஏசிருப்பேன். இப்ப என் கையே அடிக்கி.

வெளிய சாரல் விழுது. குத்தாலத்துக்கு வண்டி வண்டியா சனம் போவுது. போன சீசன்ல, ஒன்னத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் இதே சாரல்தான்.

பட்டாளத்துலருந்து வந்து, மதினியும் போய்ச் சேந்த பெறவு, என் வீட்டு முன்ரூம்புக்கு வந்த. ஒரு கண்ணாடித் தொட்டியும் கூட வந்துச்சு. தென்னமெரிக்காவுல ஆத்துல கெடக்க கெளுத்தி வகையாம். கருப்பு ஒடம்புல நீளமா வெள்ளக் கோடு. "பாருட்டி, உன்னைய மாதிரியே திருநீத்துப் பட்ட போட்டிருக்கான்"ன்னு சிரிச்ச. அன்னைக்குப் பாத்ததுதான். பகல் பூரா தொட்டிக்குள்ள நீ போட்டிருந்த குழாத்துண்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். எங்க அண்ணன் வெறுந்தண்ணிக்குத் தீனி போடுதான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

லைட்ட அணச்சிட்டு பத்து நிமிசம் பக்கத்துல ஒக்காரு, வெளிய வருவான்னு தெனமும் சாயங்காலம் கூப்பிடுவ. வெளக்கு வச்ச நேரத்துல லைட்ட அணச்சா லட்சுமி நிப்பாளான்னு கேப்பேன். கண்ணுக்கே தெரியாத மீனுக்கு இம்புட்டுக் காவலான்னும் கேட்டேன். நீ கோவப்படல.

"உன் சாமியயுந்தான் நான் கண்ணால பாத்ததில்ல. அதுக்காவ இல்லன்னா சொல்லுதேன்?"

ஆஸ்பத்திரிக்குப் போம்போதும், அவனப் பாத்துக்கட்டின்னுதான் சொல்லிட்டுப் போன.

நல்லாப் பாத்துக்கிட்டேன் போ. ஒன்னச் சுடுகாட்டுக்கு எடுத்த ஒடனே, தீட்டுன்னு வீட்டுல இருக்க தண்ணியெல்லாம் கொட்டிக் கழுவணும்லா. குடம், அண்டா, வாளின்னு ஒண்ணு விடாம கொட்டச் சொன்னவ நாந்தான். பக்கத்து வீட்டுக்காரி தொட்டிகிட்ட நின்னு, "மைனி, இதுல மீனு கெடக்கா?"ன்னா. எட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. இல்ல, கொட்டுன்னுட்டேன். குழாத்துண்டப் பொறவாசல்ல தென்ன மட்டைக் குமியில வீசிட்டா.

பெறவு ஒன் தல வச்சிருந்த எடத்துல வெளக்க ஏத்திட்டு நிமுந்தேன். எதுத்தாப்புல காலித் தொட்டி. அப்பத்தான், கண்ணால பாக்கலன்னா இல்லன்னு ஆயிருமான்னு நீ சொன்னது நெஞ்சுல இடிச்சுது. சாரல்ல ஓடி, மட்டையத் தள்ளி, அந்தக் குழாய எடுத்தேன். உள்ளருந்து கொர், கொர்னு ஒரு சத்தம், தண்ணிய விட்டு எடுத்தா இந்தக் கெளுத்தி போடும்னு நீ சொன்ன சத்தம். உசுரு இருந்துச்சு. கெணத்துத் தண்ணிய வாளியில எறச்சு அதுக்குள்ள விட்டுட்டு, அங்கனயே சேத்துல ஒக்காந்து அழுதேன். அதுவரைக்கும் ஒனக்காவ ஒரு சொட்டு அழலண்ணே. முற தப்பிரக்கூடாதுன்னே நின்னுக்கிட்டிருந்தேன்.

இப்ப நானே லைட்ட அணைக்கேன். குத்துவெளக்கு மட்டும் எரியும். கொஞ்ச நேரத்துல மீசைய ஆட்டிக்கிட்டு மெள்ள வாரான், அடி மணலத் தடவிக்கிட்டே போவுதான். அழகாத்தான் இருக்கான். என்ன பெருசாக் கேட்டுட்ட நீ, பத்து நிமிசந்தான.

ஒன் நாக்காலி அதே எடத்துலதான் கெடக்கு. நான் அதுல ஒக்காரதில்ல. பக்கத்துல, நீ கூப்பிட்ட எடத்துல ஒக்காருதேன்.