கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்த மசோதா

அண்ணே,

போன வியாழக்கிழமை கட்டடச் சொந்தக்காரர் மகன் புபாய் உங்கள் பாத்திரக் கடைக்குப் புது வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். அண்ணி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் அங்கே போய் நின்றதற்குக் காரணம் ஒரு வாசனை. நீங்கள் கண்ணை மூடிய மழைக்காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அண்ணி முதல்முறையாகப் புதுச் சரக்குப் பிரித்திருந்தார். வைக்கோலும் பழைய செய்தித்தாளும் புது எவர்சில்வரும் கலந்த அந்த வாசனை, சுவரைத் தாண்டி என் இட்லி மாவுக் கடைக்கு வந்தது. அது வந்தால் பின்னாலேயே உங்கள் குரல் வரும். பாத்திரம் சுற்றிய தாளைக் கசக்காமல் நீவி வைத்துக்கொண்டு, என்றைக்கோ வந்த வங்காளச் செய்தியைத் தமிழில் உரக்க வாசிப்பீர்கள். அன்றைக்கு வந்தது புபாயின் குரல். கட்டடக்காரர் மகன் காலை நேரத்தில், அதுவும் சிரித்துக்கொண்டு, நம் சந்துக்கு வருகிறான் என்றால் என்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியுமா?

“மாசி, நல்ல வேளை நீங்களும் வந்தீங்க” என்று வங்காளத்தில் ஆரம்பித்தான். “சட்டசபையில மசோதா வருது. அது வந்துட்டா, வாடகைக்காரர் இறந்தா மறுநாளே கடைக்குப் பூட்டுதான். அதுக்குள்ள காகிமா பேர்ல புதுசா எழுதிட்டா பயமில்ல. உங்களுக்கும் ஒண்ணு தயார் பண்ணச் சொல்லட்டுமா?” அவன் வாயில் நான் மாசி, அண்ணி காகிமா, நீங்கள் காகு.

மசோதாவைப் பற்றிச் சந்து முழுக்கப் பேச்சுதான், அண்ணே. பாலிகஞ்ச் ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து மீன் கடை வரைக்கும் ஆளுக்கொரு விளக்கம். ஒரு மசோதா நடைபாதைக்கு: சான்றிதழ் உள்ளவன் மட்டும், கோடு போட்ட இடத்தில் மட்டும் பொருள் பரப்பலாமாம். அது வந்தால் என் வாசல் மேஜை உள்ளே போக வேண்டும். உங்கள் வாளிகளும் போக வேண்டும். இன்னொன்று பெயர்ப்பலகைக்கு: மேலே வங்காளம் பெரிதாக, மற்ற எழுத்தெல்லாம் அதற்குக் கீழே. மூன்றாவதுதான் புபாய் கையில் பிடித்துக்கொண்டு வந்தது, கடை வாடகை மசோதா. வாய்ப்பேச்சு வாடகை செல்லாது, எல்லாம் எழுதிப் பதிய வேண்டும், எழுதிய காலம் முடிந்தால் கட்டடக்காரர் காரணம் சொல்லாமல் வெளியே போகச் சொல்லலாம். மூன்றும் இன்னும் காகிதம்தான். ஆனால் மூன்றையும் வைத்து நாலு பேர் இப்போதே பிழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெயர்ப்பலகை மசோதா என்ற பேச்சு முதன்முதலில் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? கடைக்காரர் சங்கச் செயலாளர் ஒரு பெயின்டரை அழைத்துக்கொண்டு கடை கடையாக வந்தார். உடனே மாற்றாவிட்டால் அபராதம் என்றார். நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெயின்டருக்கு டீ சொல்லி, ஊர் விசாரித்தீர்கள். பேச்சுவாக்கில், “செயலாளர் உமக்கு என்ன வேணும்?” என்றீர்கள். அந்தப் பாவம், “அக்கா வீட்டுக்காரர்” என்றான்.

“மூடு தங்கச்சி பர்ஸை” என்றீர்கள். “மசோதா இன்னும் சட்டசபை வாசப்படிய மிதிக்கல. அதுக்குள்ள மச்சானுக்குச் சம்பளம் வந்துட்டு.”

அந்த முறை மசோதா வரவே இல்லை. சந்தில் பாதிப் பலகைகள் மட்டும் புதுப் பெயின்டில் பளபளத்தன. உங்கள் பலகையில் உங்கள் அப்பா காலத்திலிருந்தே வங்காளம்தான் மேலே. வாங்குகிறவன் படிக்கத்தானே பலகை என்பீர்கள்.

உங்களையும் நான் முழுக்க நம்பினேன் என்று எழுதினால் அது பொய். சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் தூக்குச் சட்டியில் மாவு விற்றுவிட்டு, இந்தக் கடையை எடுத்து வந்தவள் நான். பக்கத்துக் கடைக்காரர் முதல் நாளே “வாம்மா தங்கச்சி” என்று பல்லைக் காட்டினால் சந்தேகம் வராதா? வந்தது; சரியாகவும் இருந்தது. காலையில் நேராக அடுக்கிய உங்கள் வாளிகள் மதியத்துக்குள் ஒரு ஜாண் என் பக்கம் நகர்ந்திருக்கும். கேட்டால், “காத்து தள்ளுது” என்பீர்கள். எவர்சில்வர் வாளியைத் தள்ளும் காற்று கல்கத்தாவில் உங்கள் கடை வாசலில் மட்டும் அடித்தது. நான் காலால் தள்ளுவேன், நீங்கள் கையால் இழுப்பீர்கள். அப்படியே காலம் ஓடிவிட்டது.

ஆனால் காகிதம் என்று வந்தால் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. எந்தத் தாளையும் நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பீர்கள். “முன்னால எல்லாம் மாலை மரியாதை. எவனுக்கு எப்போ வெட்டுங்கறது பின்னாலதான் இருக்கும்.” அவசரப்படுத்துகிறவனிடம் மட்டும் கூடுதலாக ஒரு டீ குடிப்பீர்கள், அவன் செலவில்.

புபாய் அவசரப்படுத்தினான். அண்ணி என்னைப் பார்த்தார். “போட்டுரவா? கடை கைய விட்டுப் போச்சுன்னா நான் எங்க போவேன்?” பேனா தாளுக்கு மேலேயே நின்றது. உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிள்ளை இல்லாத வீடு. அந்தக் கடைதான் அவருக்குச் சோறு, பேச்சுத்துணை எல்லாம்.

அண்ணியின் தயக்கத்தைப் பார்த்துப் புபாய் ஒரு படி மேலே போனான். “காகு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டார், காகிமா. நான்தான் நேர்ல பேசினேன்.”

“அப்படியா? பதிலுக்கு என்ன கேட்டார்?” என்றேன்.

“ஒண்ணும் கேக்கல மாசி. சரி தம்பின்னு சொன்னார்.”

அண்ணே, அங்கேதான் அவன் மாட்டினான். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்காமல் நகராதவர் நீங்கள். என் மகள் கல்யாணப் பாத்திரத்துக்கு விலை குறைத்தபோதுகூட, பந்தியில் முதல் வரிசை வேண்டும் என்று பேசி முடித்தவர். நீங்கள் ஒன்றும் கேட்காமல் ஒரு ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினீர்கள் என்பதை மாலை போட்ட உங்கள் படம் தொங்கும் ஆணிகூட நம்பாது. அண்ணியும் அதே நொடியில் புரிந்துகொண்டார். பேனாவை மூடி, “திங்கக்கிழம வா தம்பி, நல்ல நாள் பாத்துப் போடுதேன்” என்றார்.

சனிக்கிழமை நியூ டவுனுக்கு மாவு கொண்டுபோகும் வண்டியில் நானே ஏறினேன். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைப் பெண் ஒருத்தி அங்கே நமக்கு வாடிக்கை. நடந்ததைச் சொல்லிக் கேட்டதும் வாடகை மசோதாவின் நகலை கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டாள்.

“முதல்ல இருந்து படிக்கவா ஆன்ட்டி?”

“வேணாம்மா. கடைசியில இருந்து வா.”

சிரித்துக்கொண்டே படித்தாள். பின்னாலிருந்து இரண்டாவது பிரிவில் சிரிப்பு நின்றது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே நடக்கும் வாடகைகள் பழையபடியே தொடரும். புதிதாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் மட்டும் அவை புதுச் சட்டத்துக்குள் வரும். அதற்குக் கீழே, வாரிசுகள் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பது பின்னர் விதிகளில் சொல்லப்படும் என்று ஒரு வரி. மறுநாளே பூட்டு என்ற பேச்சு எங்கேயும் இல்லை.

“அப்ப அந்தப் புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாத்தானே ஆன்ட்டி ஆபத்து?” என்றாள்.

அதுதான் சங்கதி. அண்ணியைக் காப்பாற்ற என்று அவன் கொண்டுவந்த காகிதமே அண்ணியை வெளியேற்றும் கதவு. அவன் காட்டிய தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த காலம் பதினொரு மாதம். அது முடிந்ததும் கட்டடம், இடித்துக் கட்டி விற்கும் ப்ரமோட்டர் கைக்குப் போகும் என்று டீக்கடையில் விசாரித்தபோது தெரிந்தது. ஏற்கெனவே வந்து அளந்துவிட்டும் போயிருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை புபாய் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவன் செலவில் டீ சொன்னேன்.

“தம்பி, ப்ரமோட்டர் எப்ப வர்றார்?”

டீ அவன் சட்டையில் சிந்தியது. “யார் சொன்னது மாசி?”

“உங்க காகு சொன்னார்” என்றேன். நீங்கள் அவனிடம் சொல்லாததை அவன் சொன்னான். நீங்கள் என்னிடம் சொல்லாததை நான் சொன்னேன். கணக்கு நேர்.

அதற்குப் பிறகு வியாபாரம்தான். கோபப்படவில்லை. அவன் கட்டடம், அவனுக்கும் ஆசை இருக்கும். வாடகை வாங்க மறுத்தால் அதை அரசு அலுவலகத்தில் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்வோம் என்றேன். அவன் ஒழுங்காக இருந்தால் வாடகை கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்றும் சொன்னேன். அண்ணி நடுவில் புகுந்து, மழைக்கு ஒழுகும் கூரையையும் பேச்சில் சேர்த்துவிட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அவர்.

இனி அவன் வராமல் இருப்பான் என்று நான் நம்பவில்லை. மசோதா திருத்தப்படும், விதிகள் வரும், வேறொரு சிரிப்போடு வேறொருவன் வருவான். கடைசிப் பக்கத்தைத் திருப்பும் பழக்கம் என் கையில் இருக்கிறது. அதை மட்டும் உங்களிடமிருந்து விலை கொடுக்காமல் வாங்கிக்கொண்டேன். நீங்களும் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

பேசி முடித்தது இவ்வளவு: புது ஒப்பந்தம் கிடையாது. பழைய வாடகையே அண்ணி பெயரில் தொடரும், ரசீதும் அவர் பெயரில். வங்காளப் புத்தாண்டான பொய்லா பைசாக்கிலிருந்து வாடகையில் பத்தில் ஒரு பங்கு கூடும். கூரையை மழைக்கு முன் கட்டடக்காரர் செலவில் சரிசெய்ய வேண்டும். டீக்காசு புபாயுடையது.

எனக்கும் அண்ணிக்கும் தனியாக ஒன்று: வாளிகள் என் பக்கம் ஒரு ஜாண் வரை வரலாம். காலால் தள்ள மாட்டேன்.