வைதேகி அழுதால்

மாதுங்கா
23-6-1964

என் அருமை ருக்குவுக்கு,

அக்கா எழுதுவது. உன் கார்டு நேற்று வந்தது. வாந்தி நின்றதா, கால் வீக்கம் உண்டா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது என்று மட்டும் இரண்டு வரி. என்னிடம் பேச உனக்கு அவ்வளவுதானா இருக்கிறது?

இங்கே மழை பிடித்துவிட்டது. சயான் பக்கம் தண்டவாளம் முழுக்கத் தண்ணீர். என் வகுப்பில் பாதிப் பெண்கள் வரவில்லை. வந்தவர்களும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதட்டவில்லை.

வளைகாப்புக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாள் பார்த்தாகிவிட்டது. அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று மேல் வீட்டு மீனாட்சியம்மாள் இப்போதே இறங்கி வந்துவிட்டாள். "கல்யாணம் ஆகாதவ வளை அடுக்கப்படாதுடீ ஷ்யாமளா. நீ பட்சணத்தைக் கவனி, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள். சொன்னதில் தயவுதான். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வளைகாப்புக்கு வந்தால் பிரசவம் வரை இங்கேதான் இருக்கப் போகிறாய். அதன் பிறகும் அவசரப்படாதே. நீ அம்பர்நாத்துக்குப் போய்ப் போய் வா. குழந்தை என்னிடம் வளரட்டும், பள்ளிக்கூடம் போகிற வரைக்குமாவது. கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார். உனக்கும் காது கேட்காது, மாப்பிள்ளைக்கும் கேட்காது. அது அழுதால் யார் எழுந்திருப்பது? யார் பேசுவதைக் கேட்டு அதற்குப் பேச்சு வரும்? உன்னை நான் வளர்க்கவில்லையா? ஒரு வருஷம் லீவு கிடைக்குமா என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஜாடையாகக் கேட்டும் வைத்திருக்கிறேன்.

தினம் ஒரு டம்ளர் பால் குடி. ஆடையை எடுத்துப்போட்டுவிட்டாவது குடி.

உன்
அக்கா ஷ்யாமளா


அம்பர்நாத்
27-6-1964

அக்காவுக்கு ருக்குவின் நமஸ்காரம்.

வாந்தி நின்றது. கால் வீங்கவில்லை. வயிறு வீங்குகிறது. போதுமா?

அவருக்குப் பகல் ஷிஃப்ட். ஃபாக்டரியில் மெஷின் சத்தத்தில் எல்லாரும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறார்களாம். இவர் ஒருத்தர்தான் தொண்டை கட்டாமல் வீட்டுக்கு வருகிறார்.

பக்கத்து அறை ஆறுமுகத்தாயை உனக்குத் தெரியாது. திருநெல்வேலிக்காரி. வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் அவள் பேசுவதெல்லாம் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிடும். வளைகாப்பு என்று தெரிந்து குதித்தாள். வளையல் சத்தம்தான் எனக்குக் கேட்காதே என்று கையை ஆட்டிக் காட்டினேன். "ஒனக்கு எதுக்குளா கேக்கணும்? உள்ள கெடக்குற பிள்ளைக்குல்லா வளையலு!" என்றாள். எனக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. அதனால் கை நிறைய வேண்டும்.

முதல் ஜதை நீதான் போட வேண்டும். மீனாட்சியம்மாள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நான் அவள் உதட்டைப் பார்க்கப் போவதில்லை.

குழந்தை எங்கே வளர்வது என்பதை நேரில் பேசலாம். எழுதினால் எனக்குச் சண்டை வரும்.

உன்
ருக்கு


மாதுங்கா
18-11-1964

ருக்குவுக்கு,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி மீனாட்சியம்மாளிடம். "உன் தங்கை ஆம்படையானோட குழந்தையையும் தூக்கிண்டு கிளம்பிட்டாளே, நோக்குத் தெரியாதா?" என்று மாடிப்படியில் நின்றுகொண்டு கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி கேட்கிறாள். தெரியுமே என்றேன். உள்ளே வந்தால் மேஜைமேல் நீ எழுதி வைத்துவிட்டுப் போன ஒற்றை வரி. 'கோபம் இல்லை, போகிறோம்.' கோபம் இல்லாதவளா சொல்லிக்கொள்ளாமல் போவாள்?

நான் என்ன குறை வைத்தேன்? பத்தியம் தப்பாமல் சமைத்துப் போட்டேன். பெற்ற உடம்பு, தூங்கட்டும் என்று வைதேகியை என் அறையில் போட்டுக்கொண்டேன். இந்த இரண்டு மாதத்தில் ஒரு ராத்திரி உன்னை எழுப்பியிருப்பேனா? நேரில் பேசலாம் என்று எழுதினாய். வந்த பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். லீவுக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன்.

பால் டின் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அங்கே அவள் என்ன குடிக்கிறாள்? அவள் அழுதால் உனக்கு எப்படித் தெரிகிறது? வேறு ஒன்றும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது.

அவளுடைய மஞ்சள் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டாய். மடித்து வைத்திருக்கிறேன்.

ஷ்யாமளா


அம்பர்நாத்
26-11-1964

அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ திட்டியிருந்ததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டேன். மஞ்சள் சட்டை என்று வந்த இடத்தில் அழுதேன்.

சொல்லாமல் வந்தது தப்பு. சொன்னால் உன் முகம் அழும். அதைப் பார்த்தால் நான் கிளம்பமாட்டேன்.

நேரில் பேசத்தான் பார்த்தேன், அக்கா. சின்ன வயதிலிருந்து நீ என் உள்ளங்கையில் விரலால் எழுதித்தானே எல்லாம் சொல்வாய்? இந்தத் தடவை உன் கை எப்போது பார்த்தாலும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகமும் அவள் பக்கம். உதடும் அவள் பக்கம். நான் எதிரே வந்து நின்றால் "போய்ப் படுத்துக்கோ" என்பது மட்டும் தெரியும்.

என்னை எழுப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுதான் அக்கா. காலையில் எழுந்தால் என் ரவிக்கை நனைந்திருக்கும். அவள் டின் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். போகப் போக எனக்குப் பால் குறைந்தது. நான் தூக்கினால் உன் பக்கம் நெளிந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் பார்க்க வந்த அன்று என்னை அழைத்துப் போங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் பேரில் கோபம் வேண்டாம்.

இப்போது பால் திரும்பிவிட்டது. டின்னை யாருக்காவது கொடுத்துவிடு.

அழுதால் எப்படித் தெரியும் என்கிறாய். தூளியிலிருந்து ஒரு நாடா என் மணிக்கட்டுக்கு வருகிறது. அவள் உதைத்தால் என் கை இழுபடும். அழுவதற்கு முன்னால் அவள் காலைத்தான் உதைக்கிறாள். நீ கவனித்திருக்க மாட்டாய், உனக்குத்தான் காது இருக்கிறதே.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போன வாரம் நாடா அவிழ்ந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆறுமுகத்தாய் ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "பிள்ள தொண்டத்தண்ணி வத்தக் கத்துது, நீ அரிசியப் பாத்துக்கிட்டு நிக்கியே!" வைதேகி முகம் செக்கச் சிவந்து கிடந்தது. அன்றைக்கு நீ சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. சாயந்திரம் அவர் வந்து வேறு முடிச்சு போட்டார். பகலில் இப்போது நாங்கள் கதவையே சாத்துவதில்லை.

அக்கா, எனக்குக் காது, வாய் எல்லாம் நீதான். அவளுக்கும் எல்லாம் நீயே ஆகிவிட்டால் நான் அவளுக்கு யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சட்டை சின்னதாகிவிடும், சீக்கிரம் வா.

உன்
ருக்கு


மாதுங்கா
15-12-1964

என் செல்ல ருக்குவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளியஞ்சாதம் டோம்பிவிலி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. எதிரே இருந்த மராட்டிக்காரி டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் ஒரு கை கொடுத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

அங்கே சொல்லாததை எழுதுகிறேன். மத்தியானம் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாய். தூளியில் வைதேகி முனக ஆரம்பித்தாள். என் கால் தானாகவே கிளம்பிவிட்டது. நான் பாதி எழுந்திருப்பதற்குள் நீ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாய். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். அழத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இங்கே என்னிடம் சுவர் அதிர அழுத குழந்தை அது! நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டாள். நீ உள்ளே போனதும், "இந்தச் சால் வீட்டு வரிசையில இத்தன காது கெடக்கு டீச்சரம்மா, இவளுக்கு ரெண்டு கொறஞ்சா என்ன இப்போ?" என்று வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். அவளுக்கு என் பேரில் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. உனக்காகக் கோபப்பட என்னைத் தவிர ஒருத்தி அங்கே இருக்கிறாள்.

வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன். குழந்தைக்காகப் பயப்படுகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயம் நிஜம். ஆனால் உனக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் நான் யார் கையிலும் எழுதவில்லை, ருக்கு. ஸ்கூலிலிருந்து வந்தால் விளக்கைப் போடுவேன், சாப்பிடுவேன், படுப்பேன். வைதேகி இருந்த அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு ஓடி ஓடி வந்தேன். பயத்தோடு இதையும் சேர்த்து நான் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லீவு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்கைச் சுளித்தாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் ஸ்கூல். அப்படியே வண்டி ஏறி வந்து, ஞாயிறு சாயந்திரம் திரும்பிவிடலாம் என்று ஓர் ஆசை. வைதேகிக்குப் பேச்சு நான் தருகிறேன். கதை, பாட்டு, வாயில் வந்தது எல்லாம். நீங்கள் இரண்டு பேரும் கையால் பேசிச் சிரித்துக்கொண்டபோது அந்த அறையில் பாஷை தெரியாதவளாக உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். மாப்பிள்ளையிடம் சொல்லி எனக்கும் கற்றுத் தரச் சொல். மெதுவாகத்தான் வரும், அடிக்கக் கூடாது.

நீ சம்மதித்து எழுதினால்தான் வருவேன். பதில் வராவிட்டால் அதற்கு நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொள்ளமாட்டேன்.

நான் அங்கே இருக்கும்போது வைதேகி அழுதால், நீதான் எழுந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கும். கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்கிறேன்.

உன்
அக்கா ஷ்யாமளா