குழாய்த் தண்ணீர்

பூதப்பாண்டி,
ஐப்பசி 12

அன்புள்ள அபிதா அப்பாவுக்கு,

தாணம்மாள் எழுதிக்கொண்டது. சுகம்தானா என்று கேட்க மனம் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன். போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் உங்கள் ரூம் ரெஜின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜின் எல்லாம் சொன்னான். ரூமில் நீங்கள் யாரோடும் பேசுவதில்லையாம். லீவு கேட்டு எழுதிக் கொடுத்த பேப்பரையும் திரும்ப வாங்கிவிட்டீர்களாம். "நான் வாங்கி அனுப்புன சாமான்தான் எம்பிள்ளைய கொளத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு, எந்த மொகத்த வச்சிட்டு வீட்டுக்குப் போவேன் மக்கா" என்று அவனிடம் அழுதீர்களாம்.

அந்தப் பேச்சை உங்கள் வாயில் போட்டவள் நான்தான். பிள்ளையை முற்றத்தில் கிடத்தியிருந்தபோது வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்ததும், நீங்கள் அனுப்பிய லென்ஸ்தான் அவளைக் கொன்றது என்று ஊர் கேட்க அலறினேன். கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வராமல் அங்கே கிடந்து துடித்த மனுஷனிடம் அப்படிச் சொன்னேன். அது பொய். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

போன லீவில், ஜன்னல் வேலையில் மிஞ்சிய கண்ணாடியை ஒட்டி அவளுக்கு ஒரு தொட்டி செய்து கொடுத்தீர்களே. அதில் குளத்துத் தண்ணீரும் பாசியும் விட்டு வைத்திருந்தாள். மீன் இல்லாத தொட்டி எதுக்குட்டி என்று நான் கேலி செய்வேன். பொடிசையும் பெரிதாக்கிக் காட்டும் அந்த லென்ஸைப் போனில் மாட்டி, தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் காட்டுவாள். என்னவெல்லாமோ ஓடும். பேரெல்லாம் சொல்வாள், எனக்கு வாயில் வராது. செருப்பு மாதிரி ஒன்று உண்டு, அதுதான் அவளுக்குப் பிரியம். "எம்மா, கால் இல்லாமலே செருப்பு நடக்கு பாரு" என்று சிரிப்பாள்.

அவள் போன அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு வேலை குறையட்டும் என்று ஒரு குடம் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பிளீச்சிங் பவுடர் போட்டு விட்ட தண்ணீர். வாசம் எனக்கும் தெரிந்தது. கிருமி சாகட்டும், நல்லதுதானே என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து லென்ஸில் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. என்னைத் திட்டவில்லை. "போட்டும்மா, உனக்குத் தெரியாதுல்லா" என்றாள். வேறு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பாட்டிலோடு குளத்துக்குப் போனாள். படித்துறை முழுக்கப் பாசி. நாங்கள் போய்ப் பார்க்கும்போது மேல்படியில் அவள் செருப்பு இரண்டும் சேர்த்துக் கழற்றி வைத்திருந்தது.

ஊற்றியது என் கை. உங்கள் மேல் பழியைப் போட்டதும் நான்.

சாவு எடுத்த பிறகு வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிக் கழுவினார்கள். உங்கள் தங்கை அஜிதா தொட்டியையும் கவிழ்க்கத் தூக்கினாள். நான் பிடித்துக்கொண்டு விடவில்லை. பதினாறாம் நாள் காக்கைக்கு வைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்து அதிலும் போட்டேன். தண்ணீர் வெளுத்து நாறியது. "மைனி, உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு" என்று அஜிதா அழுதாள். போன வாரம் மனசு கேட்காமல் பிள்ளையின் போனில் லென்ஸை மாட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எல்லாம் செத்திருக்கவில்லை போலிருக்கிறது, மிஞ்சியது அந்தச் சோற்றில் பெருகியிருக்கிறது. அத்தனையும் செருப்பு. எண்ண முடியாத அளவு செருப்பு, அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

தொட்டியின் ஒரு மூலை இப்போது கசிகிறது. அடியில் கிண்ணம் வைத்து, விழுவதை எடுத்து மறுபடியும் அதிலேயே விடுகிறேன். குழாய்ப் பக்கம் போவதில்லை. குளத்துப் பக்கம் போக எனக்குக் கால் வராது. எனக்கு ஒட்டவும் தெரியாது. நீங்கள் ஒட்டியதை நீங்கள்தான் ஒட்ட வேண்டும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என்ன சொல்ல வேண்டுமோ, வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த லீவு பேப்பரைக் கம்பெனியில் திரும்பக் கொடுங்கள். பூதலிங்கசாமி உங்களுக்குத் துணையாக வரட்டும். தொட்டியில் தண்ணீர் அரைக்குக் கீழே போய்விட்டது. சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
அபிதாவின் அம்மா