நடுவில் எடுத்த மாவு

பிரியமுள்ள தோழிக்கு,

நேற்று நம் தொண்டு அமைப்பினர் என்னைப் பழைய சீருடையோடு சிகாகோ தெருமுனையில் நிற்க வைத்தார்கள். போரின்போது பிரான்சில் நாம் இருவரும் சிப்பாய்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட இனிப்பு டோநட் சுட்டுக் கொடுத்ததைச் சொல்லித்தான் இப்போது ஏழைகளுக்கு நன்கொடை சேர்க்கிறார்கள். சுவரொட்டியில் நம்மைப் போல ஒருத்தி சிரிக்கிறாள். நாமும் சிரித்தோம்தான், இல்லையென்றா சொல்கிறேன்? உன்னையும் அழைத்தார்களாம், நீ பதிலே போடவில்லையாம். நல்லது.

ஒயின் பாட்டிலால் மாவு தேய்த்த அந்த மழைநாளில், அயோவாக்காரச் சிப்பாய் வெண்டல் டோநட்டைப் பார்த்துக் கேட்டது நினைவிருக்கிறதா?

"என்னக்கா, நடுவுல இருந்ததை நீங்களே தின்னுட்டீங்களா?"

"போடா வாயாடி! திரும்பி வா, அதையும் சுட்டு வைக்கிறேன்" என்றாய் நீ.

சுட்டும் வைத்தாய். அன்று போர்முனைக்குப் போனவர்களில் அவன் மட்டுமா வரவில்லை? அந்தச் சின்ன உருண்டை உன் ஏப்ரன் பையிலேயே கிடந்து கல்லாகிப் போனது.

நேற்று ஒரு டிராம் ஓட்டுநர் உண்டியலில் காசு போட்டுவிட்டு, நான் கொடுத்த டோநட்டின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"நடுவுல இருந்தது எங்கம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்றும் நடுமாவில் ஒன்றை உருட்டிச் சுட்டிருந்தேன்; அது என் ஏப்ரன் பையில் சூடாக இருந்தது. கொடுக்கவில்லை. வெண்டல் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

இப்படிக்கு,
உன்னோடு மாவு பிசைந்தவள்