ஒரே ஆர்டர், இரண்டு தடவை

5-7-99, திங்கள்

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுப் பக்கக் காற்று. உக்கடத்தில் பஸ் ஏறுவதற்குள் துப்பட்டா முழுக்க ஈரம். குடை ஆபீசில் சுகமாக இருக்கிறது, சனிக்கிழமை மறந்து வைத்தது.

ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. இதை எழுதத்தான் டைரியையே எடுத்தேன்.

போன வாரம் வரை என் பிழைப்பு இது: பம்பு கம்பெனிக்காக நாங்கள் செய்யும் ஆர்டர் பக்கத்தை பிரவுசரில் திறப்பது. டீலர் பேர், எத்தனை எச்.பி. மோட்டார், எத்தனை வேண்டும், எல்லாம் நிரப்புவது. பொத்தானை அமுக்குவது. என்ன பதில் வருகிறது என்று பார்ப்பது. மறுபடி முதலிலிருந்து. மணிக்கட்டு வீங்கி, அம்மா தினமும் தைலம் தேய்த்துவிட்டாள்.

இனி பிரவுசரே வேண்டாம். பொத்தானை அமுக்கினால் பிரவுசர் சர்வருக்கு என்ன எழுதி அனுப்புமோ, அந்த ரிக்வெஸ்டை என் ஸ்கிரிப்ட் (பெர்லில் எழுதிய குட்டிப் புரோகிராம்) தானே எழுதி அனுப்பும். பதிலையும் அதுவே படிக்கும். 200 வந்தால் நலம். 500 வந்தால் சர்வருக்கு மண்டை கலங்கிவிட்டது என்று அர்த்தம். நான் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். ஒரு வாரம் கையால் செய்ததை காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டது.

ரா. வந்து எட்டிப் பார்த்தார். (ரா. = ராம்குமார். ஆர்டர் புரோகிராமை எழுதியவர். முழுப்பேர் எழுதும் மரியாதை அவருக்கு இப்போதைக்குக் கிடையாது.)

"நல்லாத்தானுங்க இருக்குது நசீமா. ஆனா இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குங்க?"

எத்தனை 'ங்க' போட்டால் என்ன. குத்தல் குத்தல்தான்.

முதலாளி சுந்தரம் சாருக்கும் அதே கேள்விதான். வெள்ளிக்கிழமை பம்பு கம்பெனி ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். டெஸ்டிங்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அதற்குள் அவருக்குப் புரிந்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் முன் அறையில் உட்கார்ந்து கொட்டேஷன் டைப் அடிக்க வேண்டும். அதற்கா படித்தேன்.

வாங்க: தைலம் (இனி வேண்டாமோ?), ஃப்ளாப்பி, சேஃப்டி பின்.

6-7-99, செவ்வாய்

கர்வம் ஒரு நாள்தான். காலையில் ஸ்கிரிப்ட் அனுப்பியது, சர்வர் பதிலே சொல்லவில்லை. 200 இல்லை, 500 இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. ரிக்வெஸ்டின் தலைப்பிலேயே 'பின்னால் இத்தனை எழுத்து வருகிறது' என்று சொல்லிவிட வேண்டும். நான் கூட்டிச் சொல்லிவிட்டேன். மீதி எழுத்து வரும் வரும் என்று சர்வர் காத்திருக்கிறது, வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்த மாதிரி. கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது.

ரா.வுக்கு ஒரே சந்தோஷம். "உங்க ஸ்கிரிப்ட்டுக்கே ஒரு டெஸ்டர் வேணுமாட்ட இருக்குதுங்க."

சிரித்துவைத்தேன். சாயங்காலம் பழி வாங்கினேன். மைனஸ் ஐந்து மோட்டார் வேண்டும் என்று ஒரு ரிக்வெஸ்ட். சர்வர் மறுபேச்சு இல்லாமல் 200. டீலர் பேரே இல்லாமல் ஒன்று. அதற்கும் 200.

"யாருங்க அப்படி அனுப்புவாங்க?" என்றார் ரா. எதைச் சொன்னாலும் இதே பாட்டு. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே திருத்திக்கொடுத்தார்.

சார் மைனஸ் ஐந்தைக் கேட்டுச் சிரித்தார். சிரித்ததோடு சரி. இதெல்லாம் போதாது. பெரிதாக ஒன்று அகப்பட வேண்டும்.

மதியம்: புளிச்சோறு. ரா.வின் டிபனில் இருந்து ஒரு அப்பளம். சண்டை வேறு, அப்பளம் வேறு.

7-7-99, புதன்

பீளமேட்டுக்குப் போனோம், நானும் ரா.வும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒருதடவை அவர்கள் ஆர்டர் செக்‌ஷனைப் பார்த்துவிடலாம் என்று சார் அனுப்பினார்.

ஆர்டர் செக்‌ஷன் என்றால் தனலட்சுமி அக்காவும் ஒரு ஃபேக்ஸ் மெஷினும். டீலர்கள் எல்லோரும் ஃபேக்ஸில்தான் கேட்கிறார்கள். ரா. அக்காவிடம் பக்கத்துக்கு நீலக் கலர் போடலாமா பச்சையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபேக்ஸ் வந்தது. எடுத்து ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் அச்சாக அதே ஃபேக்ஸ் மறுபடி வந்தது. இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து ட்ரேயில் போட்டார்.

"எதுக்குங்கக்கா ரெண்டு?"

"எல்லாருமே ரெண்டு தடவ அனுப்புவாங்க கண்ணு. நடுவுல லைன் கட்டாயிப்போச்சுன்னா? ரெண்டும் வந்தாத்தான் ஒரு ஆர்டர்."

"ஒண்ணுதான் வந்துச்சுன்னா?"

"போன் போட்டுக் கேட்டுப்போடுவேன். என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அத்தா கடையிலும் இதேதான். பூட்டு, கொண்டி ஆர்டர் எல்லாம் இரண்டு தடவை ஃபேக்ஸ். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது வரைக்கும் தோன்றவில்லை பார்.

இந்த டீலர்கள்தானே நாளைக்கு நம் பக்கத்தில் வந்து பொத்தானை அமுக்கப்போகிறார்கள்?

8-7-99, வியாழன்

வந்ததும் முதல் வேலை. ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி மாற்றினேன்: ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் இரண்டு தடவை அனுப்பு. சர்வர் இரண்டுக்கும் 200. பட்டியலில் எல்லா ஆர்டரும் இரட்டை. இப்படியே விட்டால் பொள்ளாச்சிக்காரர் பத்து மோட்டார் கேட்டால் லாரியில் இருபது ஏறும்.

ரா.: "ரெண்டு தடவ அனுப்புனா ரெண்டு ஆர்டர்தானுங்களே. சர்வர் சரியாத்தான் செய்யுது."

நான்: "சர்வருக்குச் சரி. ஊருக்குச் சரியில்லீங்க."

ரா.: "கம்ப்யூட்டர்ல யாருங்க ரெண்டு தடவ அனுப்புவாங்க?"

சாரிடம் போனேன். கேட்டுவிட்டு, "நாளைக்கு டெமோ வெச்சுட்டு இன்னிக்கு புரோகிராம்ல கை வெக்கறதுங்களா?" என்றார். அதோடு முடிந்தது. அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை, பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மதியம் நடந்ததை வரி விடாமல் எழுத வேண்டும். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று பம்பு கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லி சார் ரா.விடம் ஒரு தாள் கொடுத்தார். ரா. மெஷினில் வைத்தார். போனது. தாளை எடுத்தார், திருப்பி வைத்தார், மறுபடியும் அதே நம்பரை அடித்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஏனுங்க ராம், போயிருச்சுங்களே. மறுபடி எதுக்கு?"

"போச்சோ என்னமோ. ஒரு சேஃப்டிக்கு..."

அவ்வளவுதான். வாய் பாதியில் நின்றது. மெஷின் கிர்ரென்று இரண்டாவது தடவை அனுப்பிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் தரலாம்.

"உட்காருங்க, பாத்துப்போடலாம்," என்றார் ரா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் சரி என்று தலையசைத்தார்.

முதலில் அவர் செய்தது: அதே டீலர், அதே மோட்டார் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிடுவது. டீலர் நிஜமாகவே காலையில் பத்து, சாயங்காலம் இன்னொரு பத்து கேட்டால் அதுவும் போய்விடுமே என்றேன். தலையைச் சொறிந்தார். கடைசியில் வந்த யோசனை: பக்கத்தைத் திறக்கும்போதே சர்வர் அதற்குள் ஒரு எண் போட்டு வைத்துவிடும். அதே எண் மறுபடி வந்தால் அதே ஆர்டர். 'உங்கள் ஆர்டர் முன்பே வந்துவிட்டது' என்று பதில். புது எண் வந்தால் புது ஆர்டர்.

ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். ஒரே எண் இரண்டு தடவை: ஒரு ஆர்டர். வேறு எண்: இரண்டு ஆர்டர். மறுபடி ஓட்டினேன். மறுபடியும். ஒரு சேஃப்டிக்கு.

வீட்டில் சாப்பிடும்போது அத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப நாங்க ரெண்டு தடவ அனுப்புறது தப்பில்லீல்ல?" என்றார். தப்பே இல்லை அத்தா, உங்களால்தான் பிழைத்தேன்.

9-7-99, வெள்ளி

வெயில். துப்பட்டா பச்சை.

பம்பு கம்பெனி எம்.டி., தனலட்சுமி அக்கா, பொள்ளாச்சியில் இருந்து ஒரு டீலர். டீலரை ஒரு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தோம். அக்கா அடுத்ததில், வரும் ஆர்டரைப் பார்க்க.

டீலர் ஒரு விரலால் நிரப்பினார். அமுக்கினார். பதில் வந்தது, படித்தார். நான் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பக்கத்துக்குப் போனார். மறுபடி அமுக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக.

'உங்கள் ஆர்டர் முன்பே வந்துவிட்டது.'

"அட, சொல்லிருச்சுங்களே," என்றார் டீலர்.

அக்காவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுதானுங்க வந்திருக்குது. லைன் கட்டாயிப்போச்சுங்களா? போன் போட்டுக் கேக்கட்டுங்களா?"

"அம்மணி, நான் பக்கத்துலதான இருக்கறேன்," என்றார் டீலர்.

எம்.டி. கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். பிறகு சாரிடம், "நம்மாளுக ரெண்டு தடவ அனுப்புவாங்கன்னு யாருங்க யோசிச்சது?" என்றார்.

சார் ரா.வைப் பார்த்தார். நான் ரா.வின் வாயைப் பார்த்தேன்.

"நசீமாங்க," என்றார் ரா. "நான் மாட்டேன்னுதானுங்க சொன்னேன்."

ராம்குமார். ராம்குமார். முழுப்பேர், இரண்டு தடவை.

10-7-99, சனி

மறுபடி சாரல். குடை கையில்.

சார் கூப்பிட்டு லெட்டர் கொடுத்தார். வேலை நிரந்தரம், டெஸ்டிங்கில். ஜன்னல் பக்க மேஜை எனக்கு. "அடுத்து எது செஞ்சாலும் உங்க ஸ்கிரிப்ட் பாக்காம வெளிய போகாதுங்க," என்றார். 'சரிங்க சார்' என்று அடக்கமாகச் சொன்னேன். படிக்கட்டில் இறங்கும்போது குதித்தேன்.

கீழே எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அத்தா கடைக்குப் போன் போட்டேன். "அத்தா, வேலை பர்மனென்ட் ஆயிருச்சு." அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், பட்டென்று கட்டாகிவிட்டது. கேட்டதோ இல்லையோ. மறுபடி போட்டேன்.

"அத்தா, வேலை பர்மனென்ட்..."

"முன்னயே வந்திருச்சு கண்ணு," என்றார் அத்தா. "ஒரு வேலையா, ரெண்டா?"